ஆறு எபிசோட் முடிந்தும் அதே இடம்

குரோம்பேட்டையில் மார்வெல் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. எம்.ஐ.டி. மாணவர்கள் இருக்கிறார்கள், வெற்றி தியேட்டர் இருக்கிறது, தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் போனிலிருந்து கண்ணெடுக்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வந்தபோது அதன் தமிழ் வடிவத்துக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். பழைய டப்பிங் குரலே வேண்டும் என்று ரசிகர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஓர் அமெரிக்கப் படத்தின் தமிழ்க் குரல் மாறியதற்குக் கோபப்படும் அளவுக்கு இங்கே உரிமை கொண்டாடப்பட்டது. அதே ஆட்களிடம் அதற்குப் பிறகு வந்த தொடர்களைப் பற்றிக் கேளுங்கள், சுருதி இறங்கிவிடும். “இழுவை”, “இதுக்கு ஒரு படமாவே எடுத்திருக்கலாம்”, “கடைசில ஒண்ணுமே இல்ல” என்பார்கள்.

இவர்களின் குறைகளைக் கூர்ந்து கேட்டால் இரண்டாகப் பிரிகின்றன. தொடரைப் பார்க்காவிட்டால் அடுத்த படம் புரியாமல் போகுமோ என்ற எரிச்சல் ஒன்று. பார்த்து முடித்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்ற ஏமாற்றம் மற்றது. கட்டாயம் பார்க்க வேண்டியதாகவும் பார்த்துப் பயனில்லாததாகவும் ஒரே தொடர் எப்படி இருக்க முடியும்? ஆனால் பெரும்பாலும் இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்கிறார். எனக்கு அவர் சொல்வது சரி என்றே படுகிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை முதலில் பார்த்துவிடலாம். பணம் போதாது, கிராஃபிக்ஸ் மட்டம் என்பார்கள். 1977 முதல் 1982 வரை ஓடிய ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ தொடரில் கிராஃபிக்ஸே கிடையாது. உடற்பயிற்சி வீரர் லூ ஃபெரிக்னோ உடம்பெல்லாம் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றார். கோபத்துக்குப் பயந்து ஊர் ஊராக ஓடும் ஒரு மனிதனைப் பில் பிக்ஸ்பி நடித்துக் காட்டினார். அது போதுமானதாக இருந்தது. 2023-ல் வந்த ‘சீக்ரெட் இன்வேஷன்’ தொடரின் ஆறே எபிசோடுகளுக்கு 20 கோடி டாலருக்கும் மேல் செலவானதாகச் செய்தி வந்தது. மார்வெல் தொடர்களில் மிக மோசமாகத் திட்டு வாங்கியவற்றில் அதுவும் ஒன்று. பணக்கணக்கு இங்கே உதவவில்லை.

திகட்டிவிட்டது என்பது அடுத்த விளக்கம். இதை டிஸ்னியின் அப்போதைய தலைவர் பாப் ஐகரே ஏற்றுக்கொண்டார். அளவுக்கு மீறித் தொடர்கள் எடுத்ததில் கவனம் சிதறிவிட்டது என்று 2023-ல் சொன்னவர், இனி ஆண்டுக்கு இரண்டு தொடர் அளவில் நிறுத்திக்கொள்வோம் என்று 2024-ல் அறிவித்தார். 2021-ல் மட்டும் ஐந்து தொடர்கள் வந்திருந்ததைப் பார்த்தால் நியாயமான பேச்சுதான். ஆனாலும் திகட்டல் என்பது ஒருவர் ஏன் பார்ப்பதை நிறுத்தினார் என்பதற்கு விடையாகலாம். உட்கார்ந்து முழுக்கப் பார்த்தவர் ஏன் ஏமாந்தார் என்பதற்கு ஆகாது. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு நாள் என்று வருஷக்கணக்கில் ஒரே சீரியலைப் பார்க்கிற வீடுகள் குரோம்பேட்டை ராதா நகரில் தெருவுக்குத் தெரு உண்டு. அளவு அவர்களை விரட்டவில்லை.

அந்த ஏமாற்றத்துக்குப் பின்னால் உள்ள நோயை முதலில் காட்டிக்கொடுத்த தொடர் ‘ஏஜண்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்’. 2013 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் அது தொடங்கியபோது ஏறத்தாழ 1.2 கோடிப் பேர் பார்த்தார்கள். முந்தைய ஆண்டு ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தில் செத்துப்போன ஏஜண்ட் கோல்சன் இதில் உயிரோடு திரும்பி வந்தார். கிளார்க் கிரெக் நடித்த அந்தப் பாத்திரம் அடக்கமான அரசு அதிகாரி. பறக்கவும் மாட்டார், கவசமும் அணிய மாட்டார். அவரை மையமாக வைத்து ஒரு தொடர் என்றதும் ஆசை பிறந்ததில் வியப்பில்லை.

ஆனால் மாதக்கணக்கில் கதை நகரவே இல்லை. வாரா வாரம் எங்கேயோ ஒரு விபரீதப் பொருள் கிடைக்கும், குழு விமானத்தில் போகும், எடுத்து வரும். கதை இப்படித் தேங்கியதற்குக் காரணம் பின்னால்தான் தெரிந்தது. 2014 ஏப்ரலில் வரவிருந்த ‘கேப்டன் அமெரிக்கா: தி விண்ட்டர் சோல்ஜர்’ படத்தில் ஷீல்ட் உளவு அமைப்பே உள்ளுக்குள் ஹைட்ரா என்ற எதிரிக் கும்பலால் அரிக்கப்பட்டு இடிந்து விழப்போகிறது. தொடரை எழுதியவர்களுக்கு அது தெரியும். தங்கள் தொடரின் பெயரிலேயே உள்ள அமைப்பு சாகப்போகிறது என்று தெரிந்துகொண்டே, அதைப் பற்றி மூச்சுவிடாமல் 16 எபிசோடுகளை அவர்கள் ஓட்ட வேண்டியிருந்தது. படம் அமெரிக்காவில் வெளியாகி நான்கு நாள் கழித்து 17-வது எபிசோட் ஒளிபரப்பானது. அன்றுதான் குழுவில் ஒருவனே ஹைட்ரா ஆள் என்று வெளிப்பட்டுத் தொடருக்கு உயிர் வந்தது. அதற்குள் பலர் எழுந்து போயிருந்தார்கள். பின்வந்த பருவங்களில் ஒளிபரப்பு நேரத்தில் பார்ப்பவர்கள் முதல் நாள் கூட்டத்தில் கால்வாசிக்கும் கீழே இறங்கினர்.

படங்களுக்காகத் தொடர் இவ்வளவு காத்திருந்தது. படங்கள் அதைத் திரும்பிப் பார்த்தனவா? கோல்சன் உயிரோடிருப்பது அவெஞ்சர்களுக்குக் கடைசிவரை தெரியாது. 2018-ல் ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் வில்லன் தானோஸ் விரலைச் சொடுக்கிப் பாதி உயிர்களை அழித்தான். அடுத்த ஆண்டு வந்த ஆறாம் பருவத்தில் அப்படி ஒன்று நடந்த சுவடே இல்லை. ‘எண்ட்கேம்’ என்ன செய்யப்போகிறது என்று தெரியாமல் எழுத வேண்டியிருந்ததால் அதைத் தொடாமலே விட்டுவிட்டார்கள். இதன் பின்னணியில் ஒரு நிர்வாகப் பிளவும் உண்டு. படங்களைக் கவனித்தது கெவின் ஃபைகியின் மார்வெல் ஸ்டுடியோஸ்; தொடர்களைக் கவனித்தது ஜெஃப் லோப் தலைமையிலான மார்வெல் டெலிவிஷன். 2015-க்குப் பிறகு இரண்டும் வெவ்வேறு மேலிடங்களுக்குப் பதில் சொல்லின. 2019 கடைசியில் லோபின் பிரிவே ஃபைகியின் கீழ் வந்தது. இதில் ஒரு வேடிக்கை: ஷீல்டின் ஏழு பருவங்களில் ரசிகர்கள் கொண்டாடுவது பெரும்பாலும் நான்காவதைத்தான். கோஸ்ட் ரைடர், மனிதரைப் போலவே செய்யப்பட்ட எந்திரங்கள், வாழ்க்கையில் எடுத்த ஒரு முடிவை மாற்றிப் பார்க்கும் கற்பனை உலகம் என்று அது தன்பாட்டில் போனது. படப்பிரிவு கவனிக்காமல் விட்டதே அதற்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்று நினைக்கிறேன்.

‘இன்ஹியூமன்ஸ்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2014-ல் பெரிய படமாக அறிவிக்கப்பட்டு, 2017-ல் எட்டு எபிசோட் தொடராகச் சுருங்கி, முதல் இரண்டு எபிசோடுகளை ஐமேக்ஸ் திரையில் போட்டுப் பார்த்த வினோதம் அது. தலைமுடியையே ஆயுதமாகக் கொண்ட மெடூசாவுக்கு முதல் எபிசோடிலேயே மொட்டை போட்டுவிட்டார்கள். அதற்குமேல் எதை ரசிப்பது?

டிஸ்னி பிளஸ் வந்ததும் இதெல்லாம் மாறும் என்று நம்பினோம். படத்தில் நடித்த அதே நட்சத்திரங்கள், அதே ஃபைகி, படத்துக்கு ஈடான செலவு. 2020 ஏப்ரலில் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் இந்தியாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து தொடர்கள் வரிசை கட்டின, தமிழ் டப்பிங்கும் சேர்ந்து வந்தது. குரோம்பேட்டையில் ரயிலேறினால் கடற்கரை போய்ச் சேர்வதற்குள் ஓர் எபிசோட் முடிந்துவிடும். வசதிக்குக் குறைவில்லை.

பழைய நோய் மட்டும் வேறு வடிவில் வந்தது. 2021 மார்ச்சில் வந்த ‘தி ஃபால்கன் அண்ட் தி விண்ட்டர் சோல்ஜர்’ தொடரை எடுத்துக்கொள்வோம். ‘எண்ட்கேம்’ முடிவில் கிழவனாகிவிட்ட கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் ராஜர்ஸ் தன் கேடயத்தை ஃபால்கனாகிய சாம் வில்சனிடம் கொடுத்துவிட்டார். தொடரின் தொடக்கத்தில் சாம் அதைக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கிறார். ஆறு எபிசோட் அலைந்து, கடைசியில் மறுபடி எடுத்து மாட்டிக்கொள்கிறார். படம் நிறுத்திய இடத்திலேயே தொடரும் வந்து நின்றது. நடுவே ஐசாயா பிராட்லி என்ற முதியவர் வருகிறார்: ராணுவம் வலுவேற்றும் சீரம் செலுத்திச் சோதித்துப் பார்த்து, பிறகு முப்பது ஆண்டு சிறையில் அடைத்த கறுப்பினப் போர்வீரர். சாமின் கண்ணைப் பார்த்து, இந்தக் கேடயத்தைத் தன்மானமுள்ள கறுப்பன் எவனும் ஏந்த மாட்டான் என்கிறார். தொடர் உண்மையில் இந்த மனிதருடையதாக இருந்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் சாம் வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடிய அபாயம் உண்டு. அடுத்த படத்துக்குக் கேப்டன் அமெரிக்கா தேவை. ஆகவே ஐசாயாவின் கேள்விக்கு ஒரு சிலையும் ஒரு மேடைப் பேச்சும் பதிலாகின.

‘வாண்டாவிஷன்’ கதை வேறு. காதலனை இழந்த ஒருத்தி, தாங்கமாட்டாமல் ஓர் ஊரையே பழைய டிவி காமெடித் தொடராக மாற்றி அதற்குள் குடும்பம் நடத்துகிறாள். அதைக் கலைத்தால் கணவனும் பிள்ளைகளும் மறைந்துபோவார்கள் என்று தெரிந்தும் ஒன்பதாவது எபிசோடில் தானே கலைக்கிறாள். நல்ல முடிவு, சொந்த முடிவு. ஓராண்டு கழித்து வந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இன் தி மல்டிவர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ படத்தில் அதே பிள்ளைகளுக்காக அவள் கொலைகாரியாக வருகிறாள். தொடரை முழுதும் பார்க்கவில்லை என்று படத்தின் இயக்குநர் சாம் ரைமியே சொன்னார். தொடர் ஏமாற்றவில்லை, படம் வந்து அதைப் பின்னோக்கி ஏமாற்றமாக்கியது.

‘சீக்ரெட் இன்வேஷன்’ தொடருக்கு அந்த நல்ல காலமும் கிடைக்கவில்லை. உருமாறும் ஸ்க்ரல் இனத்தார் உலகத் தலைவர்களின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரை நம்புவது என்பதே கேள்வி. கேட்கவே பதைக்க வேண்டிய விஷயம். ஆனால் பெரிய நாயகர்களில் யார் போலி என்று தொலைக்காட்சியில் வெளிப்படுத்த அனுமதி கிடைக்குமா? ஒரே ஒருவர் போலி என்று காட்டினார்கள். எப்போதிலிருந்து என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் நழுவினார்கள். கடைசி எபிசோடில் அமெரிக்க அதிபர் வேற்றுக்கிரகவாசிகள் எல்லோரையும் எதிரிகளாக அறிவிக்கிறார். மூன்றரை மாதம் கழித்து ‘தி மார்வெல்ஸ்’ படத்தில் அதே தொடரின் நாயகன் நிக் ஃபியூரி ஒன்றுமே நடக்காததுபோல் விண்வெளி நிலையத்தில் கலகலப்பாக இருக்கிறார்.

இந்த நிலையை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் ‘ஷீ-ஹல்க்’ எழுதியவர்கள். 2022-ல் வந்த அதன் இறுதி எபிசோடில் நாயகி திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, மார்வெல் அலுவலகத்துக்கே போய், எழுத்தாளர்களிடம் முடிவை மாற்றச் சொல்கிறாள். எங்கள் கையில் இல்லை, கெவினைக் கேள் என்கிறார்கள். உள்ளே போனால் கெவின் என்பது ஓர் எந்திரம். நகைச்சுவைதான், ஆனால் வாக்குமூலமும்கூட.

தயாரிப்பு முறையிலும் இந்த உரிமையின்மை தெரிகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதலில் ஓர் எபிசோட் எடுத்துப் பார்ப்பார்கள். தொடரின் முழுப் பொறுப்பும் ‘ஷோரன்னர்’ எனப்படும் எழுத்தாளரிடம் இருக்கும். மார்வெல் முதலில் இந்த இரண்டையும் தவிர்த்தது. முழுத் தொடரையும் நீளமான படம்போல எடுத்துவிட்டு, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று போனது. 2023-ல் ‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ பாதி எடுத்த நிலையில் நிறுத்தப்பட்டு, ஷோரன்னராக டாரியோ ஸ்கார்டபானே கொண்டுவரப்பட்டார், 2025 மார்ச்சில் அது வந்தது. அந்த முதல் பருவத்தில் பழையதும் புதியதும் ஒட்டிய தையல் நன்றாகவே தெரிகிறது.

நம் மெகா சீரியலை எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். ஆனால் அது தன் வீட்டுக்குத் தானே ராஜா. நடிகர் விலகினால் “இவருக்குப் பதில் இவர்” என்று ஓர் அட்டையைக் காட்டிவிட்டு மறுநாளே கதையைத் தொடரும். கதாநாயகியைக் கொல்ல நினைத்தால் கொல்லும். யாரிடமும் அனுமதி கேட்காது.

ஒரு மறுப்பு எழலாம். முடிவு முன்பே தெரிந்த கதையில் சுவை எப்படி இருக்கும், கிளைக்கதை என்றாலே அப்படித்தானே என்று கேட்கலாம். தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கிறது. பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பாரதத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து ஓர் இரவு முழுக்க ஆடுவார்கள். ‘கர்ண மோட்சம்’ ஆடும் இரவில் கர்ணன் சாவான் என்பது முன்வரிசையில் தூங்கி விழும் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூத்தில் போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவன் பிறப்பைச் சொல்லி அவனை இழிவாக நினைக்கும் மனைவி அவள். வியாசரிடம் இல்லாத பெண். அவள் மனம் இளகுமா, எப்போது இளகும் என்பதற்காக ஊர் விழித்திருக்கிறது. கர்ணன் சாவது பாரதத்தின் முடிவு. பொன்னுருவியின் கேள்வி கூத்தினுடையது. விடியும் முன் கூத்தே அதற்கு விடை சொல்லிவிடுகிறது.

சூப்பர்ஹீரோ கிளைத்தொடர்களில் இல்லாமல் போனது இதுதான் என்பது என் கட்சி. தனக்கென ஒரு கேள்வியும் அதைத் தானே முடிக்கும் உரிமையும் இருந்தால் போதும். தலைமைக்கதையை மாற்றும் அதிகாரம் தேவையில்லை. கேள்வியைப் படத்திலிருந்து கடன் வாங்கி, விடையை அடுத்த படத்துக்கு ஒதுக்கி வைத்தால், பார்க்காமலும் இருக்க முடியாது, பார்த்தும் நிறைவு வராது. அந்த இரட்டைக் குறை பிறக்கும் இடம் இதுவே.

இந்தியாவிலும் இதே கணக்குப் போட்டார்கள். ‘பாகுபலி’ (2015, 2017) உலகத்திலிருந்து இரண்டு அனிமேஷன் தொடர்கள் வந்தன: 2017-ல் அமேசானில் ‘தி லாஸ்ட் லெஜண்ட்ஸ்’, 2024 மே மாதம் ஹாட்ஸ்டாரில் ‘கிரவுன் ஆஃப் பிளட்’. இரண்டாவதில் ரக்ததேவா என்ற பகைவன் மகிழ்மதியை நோக்கி வருகிறான். அவன் வெல்ல மாட்டான் என்று நமக்குத் தெரியும். வெல்லாவிட்டால் வேறு என்ன ஆகும் என்பதைக் கேள்வியாக்கும் பொன்னுருவி ஒருத்தி அங்கே இல்லை. சிவகாமியின் இளமைக் கதையை நடிகர்களை வைத்து நெட்ஃபிளிக்ஸ் தொடங்கிய தொடர், படப்பிடிப்பு நடந்த பிறகும் வெளிவராமலே கைவிடப்பட்டது.

‘சிட்டாடல்’ சூப்பர்ஹீரோ கதை அல்ல, உளவாளிக் கதை. ஆனால் நோய்க்கூறு அதேதான். 2023-ல் பிரியங்கா சோப்ரா நடித்த தாய்த்தொடர் வேர் பிடிக்கும் முன்பே கிளைகள் நடப்பட்டன. 2024 நவம்பரில் வந்த இந்தியக் கிளை ‘ஹனி பன்னி’யில் ராஜ்–டி.கே. இரட்டையர் சமந்தாவையும் வருண் தவானையும் 1990-களின் பம்பாய் சினிமா உலகில் கொண்டுபோய் வைத்தார்கள். அவள் வாய்ப்புத் தேடும் நடிகை, அவன் ஸ்டண்ட்காரன். அந்தப் பகுதிகளில் தொடர் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் அவர்கள் மகள்தான் தாய்த்தொடரில் பிரியங்கா நடித்த நாடியா. துரத்தல் எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் குழந்தை பிழைக்கும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. 2025 ஏப்ரலில் இந்தியக் கிளையையும் இத்தாலியக் கிளையான ‘டயானா’வையும் நிறுத்திய அமேசான், மிச்சக் கதையைத் தாய்த்தொடரின் இரண்டாம் பருவத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது.

நம்மிடம் இதற்கு மாற்று முன்பே இருந்தது. 1990-களில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்மதேசம்’ வந்தது. ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’, ‘சொர்ண ரேகை’ என்று பெயர் மட்டும் பொது. ஊர், ஆள், புதிர் எல்லாம் வேறு. ‘விடாது கருப்பு’வில் குதிரையேறி வந்து குற்றவாளியைத் தண்டிக்கும் உருவத்தைச் சூப்பர்ஹீரோ என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தப்பில்லை. காவல்தெய்வமா, மனிதனா என்ற கேள்வி அந்தத் தொடரிலேயே பிறந்து அந்தத் தொடரிலேயே அவிழ்ந்தது.

இன்னொருவர் குரோம்பேட்டைக்கு நெருக்கமானவர். எம்.ஐ.டி.யில் படித்த சுஜாதா, ‘என் இனிய இயந்திரா’வில் நிலாவுக்குத் துணையாக ஜீனோ என்ற எந்திர நாயைப் படைத்தார். கதை தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. வாசகர்கள் நாயை விடவில்லை; ‘மீண்டும் ஜீனோ’ எழுதினார். ஹாலிவுட் கணக்கில் துணைப் பாத்திரத்துக்கான ஸ்பின்-ஆஃப். முதல் கதையின் அரசியலைக் காப்பாற்ற வேண்டுமே என்ற கவலை அவருக்கு இல்லை. அந்த நாய் எதுவரை யோசிக்கும் என்பதிலேயே அவர் கவனம் இருந்தது.

ஹாலிவுட்டிலும் தப்பித்தவை உண்டு. ‘லோகி’ காலத்துக்கே வெளியே ஓர் அலுவலகத்தைக் கட்டிக்கொண்டதால் எந்தப் படமும் அதைத் தொட முடியவில்லை. தனக்கு அரியணை எதற்கு என்ற அவனுடைய கேள்விக்கு 2023-ல் இரண்டாம் பருவத்தின் முடிவிலேயே பதில் கிடைத்தது. அது விதைத்த காங் என்ற வில்லனைச் சுற்றிப் போட்ட படத்திட்டம் பிறகு கைவிடப்பட்டது. தொடருக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை. 2024-ல் எச்.பி.ஓ. எடுத்த ‘தி பெங்குவின்’ எட்டு எபிசோடுகளில் பேட்மேன் கண்ணில் படவே இல்லை. பெங்குவினாகிய ஆஸ்வால்ட் தன் அம்மாவுக்கும், தன்னை நம்பி வந்த பையனுக்கும் என்ன செய்வான் என்பதே அங்கே கதை. செய்கிறான், நமக்கு வயிறு கலங்குகிறது. அதில் சோஃபியாவாக நடித்த கிறிஸ்டின் மிலியோட்டிக்கு 2025-ல் எம்மி விருது கிடைத்தது.

ஆண்டுக்கு ஐந்தை இரண்டாகக் குறைப்பதால் மட்டும் இது தீராது என்பதற்கு 2025 மே மாதம் வந்த ‘தண்டர்போல்ட்ஸ்’ ஓர் உதாரணம். ஃபால்கன் தொடரில் நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க, கேடயத்தாலேயே ஒருவனை அடித்துக் கொன்ற ஜான் வாக்கர் அந்தப் படத்தில் வருகிறான். அவன் யார், என்ன செய்தான், மனைவி ஏன் விலகினாள் என்பதையெல்லாம் ஓரிரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். தொடரைப் பார்க்காதவருக்கும் விளங்குகிறது, ஆறு எபிசோடும் பார்த்தவருக்கும் அதே அளவுதான் விளங்குகிறது.